முதலில் மனசு... அப்புறம்தான் தராசு!



ஆண்டு மலர் என்றால் நாலு கவிதை இருக்கும், ரெண்டு பக்கம் ஜோக்ஸ் இருக்கும், ‘இந்தியா வல்லரசாகுமா?’ என்று ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். இதற்கு நடுவில் உடம்பு எடையைப் பற்றி இவன் என்ன எழுதிவிடப் போகிறான், தேன் கலந்த வெந்நீர் குடி என்பான் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். டிப்ஸ் கொடுக்க நான் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் படிக்கிறவன். அதனால் நமக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வெல்டிங் பண்ணிய ஒரு ஜாப்பை ஆறியதும் எடுத்து அப்படியே மெஷினில் போட்டு, டிராயிங்கில் உள்ள அளவுக்குக் கச்சிதமாகச் சீவி விடலாம். வெர்னியரை வைத்தால் அளவு சரியாகத்தான் காட்டும். ஆனால் கிளாம்ப்பைக் கழற்றியதும், சில சமயம் கொஞ்ச நாள் கழித்து, ஜாப் வளைந்து நிற்கும். ஏன்? சூட்டில் விரிந்த உலோகம் ஆறும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்க முடியாமல், உள்ளுக்குள்ளேயே ஓர் இழுவிசையைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் என்று படித்தோமே, அதுதான். மேலே ஒரு லேயரைச் சீவியதும் உள்ளே இருந்த பேலன்ஸ் கெட்டு அது தன் வேலையைக் காட்டுகிறது. இதற்காகத்தான் ஸ்டீல் ஜாப்பை 600 டிகிரி சென்டிகிரேடு சுமாருக்குச் சூடாக்கி, 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்று வைத்திருந்து, ஃபர்னஸிலேயே மெல்ல மெல்ல ஆற விடுகிறார்கள். ஸ்ட்ரெஸ் ரிலீவிங்! அதற்குப் பிறகுதான் ஃபினிஷிங் கட்.

எடை குறைக்கக் கிளம்புகிற பெரும்பாலானவர்கள் இந்த முதல் வேலையைச் செய்வதே இல்லை. உள்ளே பூட்டிக் கிடக்கிற வலியை அப்படியே விட்டுவிட்டு வெளியே சதையைச் சீவப் பார்க்கிறார்கள். அளவு சரியாகத்தான் வருகிறது. ஆறு மாதத்தில் மறுபடி வளைந்து விடுகிறது! தன்னை வெறுத்துக் குறைக்கிற எடை நிற்காது. தன்னை மதிக்கிறவன் குறைக்கிற எடைக்குத்தான் நிற்கிற வாய்ப்பு அதிகம் என்பது என் கட்சி. அதற்கு நியாயம் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

குறைப்பதா கஷ்டம்? நிறுத்துவதுதான்!

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். எடை ஒரு சின்ன விஷயம் இல்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் அதிக எடை உள்ளவர்கள். அதிக எடையோடு சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், முட்டி வலி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நம் இந்திய உடம்பு வேறு கொஞ்ச எடையிலேயே சர்க்கரைக்கு இடம் கொடுத்துவிடும் என்பதால், பி.எம்.ஐ. கணக்கில் நமக்கு 23க்கு மேலே போனாலே ஜாக்கிரதை என்கிறார்கள் மருத்துவர்கள். ஆகவே ‘இருந்தா இருந்துட்டுப் போவுது’ என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் குறைத்தவர்கள் கதையைப் பாருங்கள். அமெரிக்காவில் ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ என்று ஒரு டி.வி. போட்டி. யார் அதிகமாக எடை குறைக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. அதில் கலந்துகொண்ட 14 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 2016ல் கெவின் ஹால் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 30 வாரத்தில் ஆளுக்குச் சராசரி 58 கிலோ குறைத்திருந்தார்கள். ஆறு வருஷம் கழித்துப் பார்த்தால் அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது! அதைவிட ஆச்சரியம், சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு எரிக்கிற கலோரி, அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட நாள் ஒன்றுக்கு 500 அளவுக்குக் குறைந்தே இருந்தது. அதாவது ஆறு வருஷம் ஆகியும் உடம்பு சிக்கன நடவடிக்கையை வாபஸ் வாங்கவில்லை.

இன்னும் பின்னால் போவோம். 1944-45ல் மின்னசோட்டா பல்கலைக் கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். போர்க்காலத்தில் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று தெரிந்துகொள்ளத்தான். அந்தப் பையன்கள் கால் பங்கு எடை குறைந்தார்கள். கூடவே என்ன ஆனது தெரியுமா? எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் பேசப் பிடிக்காத நிலை. பட்டினி முடிந்து சாப்பாடு போட்டதும், பலர் உடம்பில் முன்பு இருந்ததைவிட அதிகமாகவே கொழுப்பு சேர்ந்தது.

இன்ஜினில் கவர்னர் இருக்கிறதே, வேகம் குறைந்தால் எரிபொருளைக் கூட்டிவிடும், கூடினால் குறைத்துவிடும். அது மாதிரி நம் உடம்புக்குள்ளும் ஒன்று இருக்கிறது. பட்டினி போட்டால் பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். இப்போது எடை குறைக்க ஊசியே வந்துவிட்டது. அதிலும் செமாகுளூட்டைடு ஊசியை நிறுத்திய ஒரே வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததாக 2022ல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே எடை திரும்பி வந்த நண்பனைப் பார்த்து ‘உனக்கு வைராக்கியம் பத்தாதுடா’ என்று சொல்வது, கவர்னர் இருக்கிற இன்ஜினைப் பார்த்துச் சோம்பேறி என்று திட்டுவது மாதிரி!

சான் டியாகோவில் ஒரு டாக்டர்

இது உடம்பின் கணக்கு. மனசின் கணக்கு ஒன்று தனியாக இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது தற்செயலாகத்தான்.

வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர் 1980களில் அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்தில் பருமன் குறைப்பு சிகிச்சை நடத்தி வந்தார். நன்றாகவே எடை குறைந்தது. ஆனால் ஒரு விசித்திரம். குறையாதவர்கள் நின்றுபோனால் நியாயம். இங்கே நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் சிகிச்சையை விட்டு ஓடினார்கள்! ஒரு பெண் 185 கிலோவிலிருந்து 51 வாரத்தில் 60 கிலோவுக்கு வந்துவிட்டார். அப்புறம் மூன்றே வாரத்தில் 17 கிலோ ஏறிவிட்டது. என்ன நடந்தது என்று டாக்டர் விசாரித்தார். கூட வேலை பார்த்த கல்யாணமான ஓர் ஆள், ‘இப்போ அழகாயிட்டே’ என்று ஆரம்பித்துத் தப்பான எண்ணத்தோடு அணுகியிருக்கிறார். அந்தப் பெண்ணோ சிறுமியாக இருந்தபோது நெருங்கிய உறவினர் ஒருவரால் பாலியல் கொடுமைக்கு ஆளானவர். அவருக்கு அந்தச் சதை ஒரு நோய் இல்லை. கோட்டைச் சுவர்! தன்னை யாரும் திரும்பிப் பார்க்காமல் இருக்க அவர் மனசு கட்டி வைத்த சுவர். சுவரை இடித்ததும் பயம் வந்துவிட்டது.

டாக்டர் அசந்துபோய், மற்ற நோயாளிகளிடமும் உட்கார்ந்து பேசினார். ஒருவர் பின் ஒருவராக இதே மாதிரிக் கதைகள் வந்தன. அதன் தொடர்ச்சியாக அவரும் ராபர்ட் ஆண்டா என்ற இன்னொரு டாக்டரும் சேர்ந்து 1995 முதல் 1997 வரை 17,000க்கும் அதிகமானவர்களிடம் சிறு வயதுத் துன்பங்களைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தார்கள். அடி, ஓயாத திட்டு, பாலியல் கொடுமை, அம்மா அடி வாங்குவதைப் பார்த்து வளர்வது, வீட்டில் குடி... 1998ல் முதல் முடிவு வெளியானது. நான்கு வகையோ அதற்கு மேலோ துன்பம் பட்டவர்களுக்கு, எதுவும் படாதவர்களைவிடக் கடும் பருமனும் உடலுழைப்பே இல்லாத நிலையும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம். மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் அதைவிடப் பல மடங்கு.

உடனே ‘குண்டா இருக்கிறவங்க எல்லாருக்கும் ஏதோ பிளாஷ்பேக் இருக்குடோய்’ என்று கிளம்பிவிடக் கூடாது! பரம்பரை உடல்வாகு உண்டு. தைராய்டு உண்டு. பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டித் தொந்தரவு உண்டு. சில மாத்திரைகளாலும் எடை ஏறும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதாலும் ஏறும். நான் சொல்வது இவ்வளவுதான்: ஒருவன் ஏன் சாப்பிடுகிறான் என்று கேட்காமல், எவ்வளவு சாப்பிடுகிறான் என்று மட்டும் எண்ணுகிற வைத்தியம் பாதி வைத்தியம். குடித்துவிட்டு அப்பா போடுகிற சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த பையன் நம் வகுப்பிலும் இருக்கிறான். அவனுக்குச் சாப்பாட்டுத் தட்டு ஒன்றுதான் திட்டாத துணையாக இருந்திருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்கு என்ன கொடுக்கப் போகிறோம்?

கிண்டல் பண்ணினால் ரோஷம் வருமாம்!

‘குண்டு’, ‘தடியா’, ‘பூசணி’, சிவில் டிபார்ட்மெண்ட் என்றால் ‘ரோடு ரோலர்’. ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பேர் சூட்டு விழா முடிந்துவிடும். ஒல்லியாக இருந்தாலும் விடுவதில்லை, ‘ஓமக்குச்சி’ ரெடி. சினிமாவும் நமக்கு அப்படித்தானே கற்றுக் கொடுத்தது? நல்ல நடிகர்களையே ‘குண்டு’ கல்யாணம், ‘ஓமக்குச்சி’ நரசிம்மன் என்று உடம்பை வைத்துத்தான் கூப்பிட்டோம். கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: “சும்மா ஜாலிக்குத்தான் மச்சி. நாலு பேரு சொன்னாத்தானே அவனுக்கும் ரோஷம் வந்து குறைப்பான்?”

குறைக்க மாட்டான். ஆஞ்சலினா சூட்டின், அன்டோனியோ டெராச்சியானோ என்ற இருவர், 6,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களை 2006லும் 2010லும் பார்த்து 2013ல் எழுதினார்கள். அவர்கள் நம் வயசுக்காரர்கள் இல்லை, 50 வயதைத் தாண்டியவர்கள். ஆனால் முடிவு நமக்கும் பாடம். தொடக்கத்தில் பருமன் இல்லாதவர்களிலேயே, ‘என் எடையை வைத்து என்னைக் கேவலமாக நடத்துகிறார்கள்’ என்று சொன்னவர்கள், நாலு வருஷத்தில் பருமனாவதற்கு மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு வாய்ப்பு இருந்தது. கேவலம் எடையைக் குறைக்கவில்லை, ஏற்றியிருக்கிறது!

யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. ‘ரோடு ரோலர்’ என்று பேர் வாங்கியவன் சாயங்காலம் கிரவுண்டுக்கு வருவானா? வரமாட்டான். ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு மிக்சர் பாக்கெட்டைப் பிரிப்பான். சைஸ் கிடைக்காமல் இறுக்கமான காக்கியைப் போட்டுக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் குனிய வெட்கப்படுகிற தோழி, அந்த வெட்கத்தை எங்கே கொண்டு போய்க் கொட்டுவாள்? நாம் சிரித்த சிரிப்புக்கு அவர்கள் உடம்பு வட்டி கட்டுகிறது.

பெண்கள் பாடு இன்னும் மோசம். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் ஓர் அத்தை, “என்னடி இப்படிப் பெருத்துட்டே, நாளைக்கு எவன் கட்டுவான்?” என்பார். அதே வாயால் அடுத்த நிமிஷம், “என்ன கொறிக்கிறே, இன்னொரு லட்டு வெச்சுக்கோ, என் மேல பாசம் இல்லியா?” என்பார்! அத்தையைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. பசியைப் பார்த்த தலைமுறை அது. அவர்களுக்குச் சோறுதான் பாசம். ‘பூசினாப்ல இருக்கான்’ என்பது ஒரு காலத்தில் வாழ்த்து. ஆனால் நடுவில் மாட்டிக்கொண்ட பெண்ணுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: நான் எப்படி இருந்தாலும் தப்பு.

பசியா, வேறு ஏதாவதா?

அரியர் ரிசல்ட் வந்த ராத்திரி பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடையைப் போய்ப் பாருங்கள். நாலு பரோட்டாவோடு நின்றவன் ஏழுக்குப் போயிருப்பான், சால்னாவைக் குடித்தே தீர்ப்பான். அது வயிற்றுப் பசியா? வயிற்றுப் பசி மெல்ல மெல்ல வரும், பழைய சோறு கிடைத்தாலும் அடங்கும். மனசின் பசி திடீரென்று வரும், பரோட்டாவேதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும், வயிறு நிரம்பினாலும் நிற்காது, கடைசியில் குற்ற உணர்ச்சியில் கொண்டு போய் விடும்.

அந்தக் குற்ற உணர்ச்சிதான் பெரிய வில்லன். ‘போச்சு, இன்னிக்கு டயட் கெட்டுப் போச்சு. இனிமே எவ்வளவு தின்னா என்ன?’ என்று ஒரு குரல் கேட்கும். 2007ல் கிளேர் ஆடம்ஸ், மார்க் லியரி என்ற உளவியலாளர்கள் இதை ஒரு சின்ன சோதனையில் பார்த்தார்கள். கல்லூரி மாணவிகளுக்கு டோனட் என்ற எண்ணெய்ப் பலகாரத்தைக் கொடுத்துச் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு பகுதியினரிடம் மட்டும், எல்லோரும்தான் எப்போதாவது இப்படிச் சாப்பிடுகிறார்கள், இதற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள் என்று ஆறுதலாக ரெண்டு வார்த்தை சொன்னார்கள். அப்புறம் மிட்டாயைக் கொடுத்து வேண்டிய மட்டும் ருசி பார்க்கச் சொன்னார்கள். கடுமையாக டயட் இருக்கிற பெண்களில், ஆறுதல் கேட்டவர்கள் கேட்காதவர்களைவிடக் குறைவாகவே சாப்பிட்டார்கள். சாட்டையடி செய்யாததை ரெண்டு அன்பான வார்த்தை செய்தது!

அந்த வார்த்தையை நமக்கு நாமே சொல்லிக்கொள்ளப் பழக வேண்டும். அதற்குப் பேர்தான் சுயமரியாதை. ‘60 கிலோ ஆனதும் என்னை மதிப்பேன்’ என்பது இல்லை. ‘இந்த உடம்புதான் என்னை இத்தனை வருஷம் சுமந்தது, இதை நான் கவனித்துக்கொள்வேன்’ என்பது. ‘என்னை நானே மதிச்சுட்டா அப்புறம் எதுக்குக் குறைக்கணும், அப்படியே இருந்துடலாமே?’ என்று சில பேர் மடக்குவார்கள். உங்களிடம் ரெண்டு வண்டி இருக்கிறது. ஒன்று பாசமான வண்டி, ஒன்று காயலான் கடைக்குப் போகப் போகிற வண்டி. எதற்கு ஆயில் மாற்றுவீர்கள்? மதிக்கிற பொருளைத்தானே பராமரிக்கிறோம்!

நடைமுறையில் என்ன செய்யலாம்? ஒரு பாக்கெட் நோட்டில் சாப்பிட்ட நேரத்தைக் குறித்து, பக்கத்தில் ‘பசி’, ‘கோபம்’, ‘தனிமை’, ‘போர்’ என்று ஒரு வார்த்தை எழுதிப் பாருங்கள். ரெண்டு வாரத்தில் எங்கே லீக்கேஜ் என்று தெரிந்துவிடும். தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். 2004ல் சிகாகோவில் 12 இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டபோது, பசியைத் தூண்டும் ஹார்மோன் 28 சதவீதம் கூடி, போதும் என்று சொல்லும் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. பரீட்சை சமயத்தில் நைட் அவுட் போடும்போது ஏன் கண்டதையும் தின்னத் தோன்றுகிறது என்று இப்போது புரிகிறதா? எடை ஏறுவதற்குக் காரணமே தெரியவில்லை என்றால் ஒரு டாக்டரைப் பாருங்கள். பழைய வலி ஏதாவது தொண்டையில் நின்றால், 14416க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல சேவை அது. தமிழிலேயே பேசலாம்.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. 1994ல் அமெரிக்காவில் எடையைக் குறைத்து நிறுத்தியவர்களுக்காக ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 13.6 கிலோவாவது குறைத்து, ஒரு வருஷமாவது நிறுத்தியிருக்க வேண்டும். 10,000 பேருக்கு மேல் அதில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் அதற்கு முன்பு பல தடவை தோற்றவர்கள்! பெரும்பாலோருக்குப் பிடித்த உடற்பயிற்சி என்ன தெரியுமா? வெறும் நடை. ரெண்டு முதல் அஞ்சு வருஷம் தாக்குப் பிடித்துவிட்டால் அப்புறம் நிற்பது சுலபமாகிறது என்கிறது அந்தப் பதிவேடு. அத்தனை வருஷம் தன்னைத் திட்டிக்கொண்டே ஒருவனால் நடக்க முடியுமா? நண்பனோடு பேசிக்கொண்டே நடந்தால் முடியும்.

யூனியனுக்குச் சில வார்த்தை

கடைசியாக, இந்த மலரை வெளியிடுகிற நம் மாணவர் பேரவைக்கு மூன்று கோரிக்கை. முதலாவது, ஒர்க்‌ஷாப் காக்கியைப் பெரிய சைஸிலும் தைத்துத் தரச் சொல்லி நிர்வாகத்திடம் பேசுங்கள். ரெண்டாவது, விளையாட்டு தினத்தில் ஜெயிக்கிறவர்களுக்கு மட்டும் கைதட்டாமல், தினமும் சாயங்காலம் யார் வேண்டுமானாலும் வந்து நடக்கலாம் என்று கிரவுண்டைத் திறந்து விடுங்கள். அங்கே டைமிங் வேண்டாம், எடை மெஷின் வேண்டாம். மூன்றாவது, வருகிற ஜூனியர்களுக்கு உடம்பை வைத்துப் பேர் சூட்டுகிற வழக்கத்தை இந்த வருஷத்தோடு நிறுத்துகிறோம் என்று பொதுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்.

முதல் ரெண்டுக்கும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மூன்றாவதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். நாளைக்குக் காலையில் மெஸ்ஸில் இட்லித் தட்டோடு எதிரே வருகிறவனை அவன் அப்பா அம்மா வைத்த பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்!